பரங்கிக்காயும் ஒரு சொம்புத் தண்ணியும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம் இது. போன மாசம் பாங்காக்கிலிருந்து அத்தை பையன் போன் பண்ணாம இருந்திருந்தா இன்னும் தள்ளித்தான் போயிருக்கும்.

அவன் அங்கே போய் ஆறு வருஷம் ஆகுது. வழக்கமா மழை, சம்பளம், ஊர்ல யாருக்குக் கல்யாணம், இதோட பேச்சு முடிஞ்சிரும். அன்னைக்கு என்னமோ நல்ல மூடுல இருந்தான். "மாப்ள, இங்க வெள்ளைக்காரனை ஃபராங்னு சொல்றாய்ங்க. நம்மளைச் சொல்ல மாட்டாய்ங்க. நாம 'கேக்'. அப்பிடின்னா விருந்தாளின்னு அர்த்தமாம். ஆனா சொல்ற தோரணைல விருந்தும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றான். சீலோம் சாலையில் நம்மாளுங்க 19ஆம் நூற்றாண்டில் கட்டின மாரியம்மன் கோவிலுக்கே ஊர்ப்பேச்சில் 'வாட் கேக்' என்றுதான் பெயர். விருந்தாளி கோவில்.

அடுத்து அவன் சொன்னதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. தாய் மொழியில் கொய்யாப்பழத்துக்கும் ஃபராங் என்றுதான் பேராம். வெளியூர்ப் பழம், அதனால் வெளியூர்க்காரன் பேர்.

நமக்குப் பரங்கிக்காய் மாதிரி!

இரண்டும் ஒரே சொல்தான். ஐரோப்பாவில் 'ஃப்ராங்க்' என்று ஒரு கூட்டம். சிலுவைப் போர்க் காலத்தில் அரபிக்காரர்களுக்கு மேற்கேயிருந்து வந்தவன் எல்லாம் ஃபிரஞ்சி. அது பாரசீகம் வழியாகக் கிழக்கே கப்பலேறி வந்தது. தமிழில் பரங்கி ஆனது, சயாமில் ஃபராங் ஆனது. நம்மிடம் அது ஒரு காயோடு நிற்கவில்லை. சென்னையில் ஒரு மலை, அசிங்கமான ஒரு வியாதிக்குப் பரங்கிப்புண் என்று பட்டம், அப்புறம் ஒரு முழு வசவு. தாய்க்காரர்கள் அந்தச் சொல்லை ஏறக்குறைய சாதாரணமாகவே வைத்துக்கொண்டார்கள். மதுரையில் அது வசவாகிவிட்டது. ஏன் ஆனது என்பதுதான் இந்தப் பதிவின் மேட்டர்.

அதுக்கு முன்னாடி ஒரு சொந்தக் கதை. பொறுத்துக்குங்க.

எனக்கு ஊர் அழகர்கோவில் ரோட்டில், அப்பன்திருப்பதிக்குப் பக்கம். சித்திரையில் அழகர் மலையை விட்டு இறங்கி மதுரைக்குப் போகும்போது எங்கள் பக்கமாகத்தான் போவார். ஊர் பூரா மண்டகப்படி, பானகம், நீர்மோர். 1987இல் நான் ஏழாவது படிச்சுக்கிட்டிருந்தேன். அந்த வருஷம் திருவிழாவைப் பார்த்து எழுதறதுக்காக ஒரு வெள்ளைக்கார அக்கா வந்து எங்கள் பக்கத்து வீட்டு மாடியில் இரண்டு மாசம் தங்கினாங்க. ஏதோ ஒரு பல்கலைக்கழக மாணவி. தமிழ் பேசுவாங்க. ஆனா அது புஸ்தகத் தமிழ். "சிறுவனே, உன் பாட்டியார் எங்கு சென்றுள்ளார்?" என்று கேட்டால் நாங்க விழுந்து விழுந்து சிரிப்போம்.

முதல் நாள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணி கேட்டாங்க. அப்பத்தா பித்தளைச் சொம்பில் கொண்டுவந்து கொடுத்துச்சு. அவங்க வாயை வைச்சு உறிஞ்சிட்டாங்க. சொம்பை அண்ணாந்துதான் குடிக்கணும்னு யாரும் அவங்களுக்குச் சொல்லல. அப்பத்தா முகத்துல ஒண்ணும் காட்டல. அவங்க போனதும் புளியும் சாம்பலும் போட்டு அந்தச் சொம்பை விளக்கின விளக்கு இருக்கே, தேஞ்சே போச்சு. "வெள்ளக்காரப் புள்ள, அதுக்கு என்னத்தத் தெரியும்" என்று சமாதானமும் சொல்லிக்கிச்சு. மறுநாள் அதே சொம்பில்தான் மறுபடி தண்ணி.

நாலஞ்சு நாள் கழிச்சு, எங்கள் தோட்டத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருத்தர் மத்தியானம் வந்து தண்ணி கேட்டார். வயசு அறுபதுக்கு மேலே. நான் அவரைப் பேர் சொல்லி, வா போ என்றுதான் கூப்பிடுவேன், அவர் என்னைச் சின்னய்யா என்பார். அப்பத்தா அதே சொம்பை எடுத்து உயரத்திலிருந்து ஊத்துச்சு. அவர் குனிஞ்சு, இரண்டு கையையும் சேர்த்துப் பிடிச்சுக் குடிச்சார். திண்ணையில் நோட்டுப் புஸ்தகத்தோட இருந்த அந்த அக்கா கேட்டாங்க: "அவர் ஏன் பாத்திரத்தில் அருந்தவில்லை?"

"அவுகளுக்கு அப்பிடித்தான் பழக்கம்" என்றது அப்பத்தா.

இந்தக் கதையின் மிச்சத்தைக் கடைசியில் சொல்றேன். இப்ப 1606க்குப் போவோம்.

அந்த வருஷம் நவம்பரில் இத்தாலிக்காரர் ஒருத்தர் மதுரைக்கு வந்து சேர்ந்தார். ராபர்ட் தெ நொபிலி. வயசு 29. ரோமில் பெரிய இடத்துப் பிள்ளை, ஏசு சபைச் சாமியார். மதுரையில் அப்போது முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் ஆட்சி. இவருக்கு முன்பே கொன்சாலோ ஃபெர்னாண்டஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் பத்துப் பதினோரு வருஷமாக மதுரையில் இருந்தார். முன்னாள் சிப்பாய், நல்ல மனுஷன். மருந்து கொடுத்தார், பள்ளிக்கூடம் நடத்தினார். கடற்கரையிலிருந்து வியாபாரத்துக்கு வந்துபோகும் பரதவ கிறிஸ்தவர்களைக் கவனித்துக்கொண்டார். மதுரைக்காரன் ஒருத்தன்கூட அவர் மதத்தில் சேரவில்லை.

காரணம் தேடிப் பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஃபெர்னாண்டஸ் மாட்டுக்கறி சாப்பிட்டார், சாராயம் குடித்தார், தோல் செருப்பு போட்டார், யார் வந்தாலும் தொட்டார், யார் வீட்டுச் சோறும் சாப்பிட்டார். நாம் தினம் குளிக்கிற மாதிரி குளிப்பதும் அந்தக் கால ஐரோப்பியர்களுக்குப் பழக்கமில்லை. ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டு ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்: பரங்கி. இதில் பெரிய கூத்து என்னன்னா, பாதிரியார்களே அந்தச் சொல்லை 'கிறிஸ்தவன்' என்பதற்குத் தமிழ் என்று நினைத்துவிட்டார்கள். ஞானஸ்நானம் கொடுக்கும்போது "பரங்கிக் குலத்தில் சேரச் சம்மதமா?" என்று கேட்டிருக்கிறார்கள்! தன் சாதியை விட்டுவிட்டு ஊரே மூக்கைப் பொத்துகிற கூட்டத்தில் சேர எவன் தலையாட்டுவான்?

நொபிலி இதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்ததோடு நிற்காமல் ஆளையே மாற்றிக்கொண்டார். ஃபெர்னாண்டஸ் வீட்டை விட்டு வெளியேறித் தனிக் குடிசை. கறுப்பு அங்கி போய் காவி. தோல் செருப்பு போய் கட்டைச் செருப்பு. நெற்றியில் சந்தனம், மார்பில் பூணூல், அதில் சிலுவை. மாமிசம், மீன், முட்டை, ஒயின் எல்லாம் கட். பிராமணச் சமையல்காரர் வைத்துக்கொடுக்கும் சோறும் கறிகாயும் பாலும் ஒரு நாளைக்கு ஒரே வேளை. தமிழ், தெலுங்கு படித்தார். சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதமும் கற்றார். "நான் பரங்கி இல்லை, ரோமாபுரி ராஜ வம்சத்தவன், துறவி" என்று ஊருக்குச் சொல்லிவிட்டார். தத்துவ போதகர் என்ற பெயர் வந்தது. ஆட்கள் தேடி வர ஆரம்பித்தார்கள்.

இதைப் பள்ளிக்கூடத்தில் 'தமிழ் வளர்த்த பாதிரியார்' என்று அரைப் பக்கத்தில் படித்துவிட்டுத் தாண்டியிருப்போம். நான் மாட்டிக்கொண்ட இடம் வேறே. இந்த வேஷம் செல்லுபடியாகணும்னா நொபிலி ஃபெர்னாண்டஸோடு சேர்ந்து சாப்பிடக் கூடாது. பகலில் அவர் வீட்டுப் பக்கம் போகவும் கூடாது. ஆக, ஒரே ஊரில், ஒரே சபையைச் சேர்ந்த இரண்டு வெள்ளைக்காரச் சாமியார்கள், ராத்திரியில் யாருக்கும் தெரியாமல்தான் பார்த்துக்கொள்ள முடிந்தது. ஃபெர்னாண்டஸ் இடத்திலிருந்து யோசித்துப் பாருங்க. வயசான மனுஷன். நேத்து வந்த பையன் உன்னோடு உட்கார்ந்து சாப்பிட்டால் எனக்குத் தீட்டு என்கிறான். எந்த ஊர்க்காரன் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பார். சொன்னது தன் சொந்தச் சகோதரன். 1610இல் மேலிடத்துக்குப் புகார் எழுதிவிட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை.

கேஸ் பதிமூணு வருஷம் ஓடியது. 1619இல் கோவாவில் பஞ்சாயத்து, பெரும்பான்மை நொபிலிக்கு எதிர். அப்புறம் ரோம். 1623 ஜனவரியில் போப் பதினைந்தாம் கிரிகோரி தீர்ப்பு எழுதினார்: பூணூல், குடுமி, சந்தனம், குளியல் இவை எல்லாம் சில நிபந்தனைகளோடு இருக்கலாம். மதுரைக்காரன் காலையில் குளிக்கலாமா கூடாதா என்று வத்திக்கானில் உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள். :)

ஆனால் ஒரு கேள்வியை விட்டுவிட்டு நொபிலியைப் புகழ முடியாது. அவர் 'மதுரைக்காரன் மாதிரி' மாறினார் என்கிறோமே, எந்த மதுரைக்காரன் மாதிரி? மதுரையில் மாட்டுக்கறி சாப்பிட்ட தமிழன் இல்லையா? கள் குடித்தவன், தோல் வேலை பார்த்தவன் இல்லையா? பரங்கியைப் பார்த்து ஊர் முகம் சுளித்த ஒவ்வொரு காரணமும் ஊருக்கு வெளியே குடியிருந்தவர்களைப் பார்த்து முகம் சுளிக்க ஏற்கெனவே வைத்திருந்த காரணம்தான். வெள்ளைக்காரனுக்காகப் புதுசாக ஒரு வெறுப்பைத் தயார் செய்யவில்லை, இருந்த அலமாரியிலேயே அவனையும் ஒரு தட்டில் வைத்தார்கள். நொபிலி அந்த அலமாரியை உடைக்கவில்லை, தான் மட்டும் மேல் தட்டுக்கு ஏறிக்கொண்டார். கீழ் தட்டுக்காரர்கள் அவரிடம் வந்தபோது சேர்த்துக்கொள்ள வழியில்லை, சேர்த்தால் வேஷம் கலைந்துவிடும். கடைசியில் 1640 வாக்கில் 'பண்டாரசாமிகள்' என்று இன்னொரு வகைச் சாமியார்களை ஏற்பாடு செய்தார்கள். அவர்கள் பண்டார வேஷத்தில் எல்லாச் சாதியாரிடமும் போகலாம். ஆக, சாமியாரிலும் இரண்டு சொம்பு.

அவரைத் திட்டுவது சுலபம். கண் பார்வை மங்கி, 1645 வாக்கில் மதுரையை விட்டு யாழ்ப்பாணம் போய், அப்புறம் மயிலாப்பூர் வந்து, 1656இல் அங்கேயே செத்துப்போனார். ஐம்பது வருஷம் பிறந்த ஊர் திரும்பவில்லை. நான் பெங்களூரில் எட்டு மாசம் இருந்துவிட்டு 'ஊர்ச் சாப்பாடு கிடைக்கல' என்று ஓடிவந்தவன். எனக்கு அவரைப் பற்றிப் பேச எவ்வளவு உரிமை இருக்குன்னு தெரியல.

வேஷம் என்றதும் எங்க ஊர்க்காரன் எவனுக்கும் அழகர் ஞாபகம் வராமல் இருக்காது. மலையை விட்டு இறங்கும் பெருமாள் பெருமாளாக இறங்குவதில்லை. கள்ளர் கொண்டை, காதில் கடுக்கன், கையில் வளைதடி, சாட்டைக்கம்பு என்று கள்ளராக வேஷம் கட்டிக்கொண்டுதான் பதினெட்டாம்படிக் கருப்பிடம் சொல்லிக்கொண்டு கிளம்புவார். தொ. பரமசிவன் ஐயா 1989இல் வந்த 'அழகர்கோயில்' நூலில் இதை விலாவாரியாக ஆராய்ந்திருக்கிறார். படிக்காதவர்கள் தேடிப் பிடித்துப் படியுங்கள். பெருமாளே ஆனாலும் இந்த நாட்டு வழியில் போகணும்னா இந்த நாட்டு உடுப்பைப் போட்டுக்கணும். அவர் போட்டது மேல் தட்டு உடுப்பு இல்லை என்பதையும் கவனிக்கணும்.

உடுப்பும் மாற்றாமல், ஊரையும் புரிந்துகொள்ளாமல் வந்தவர்களின் கதி 1755இல் தெரிந்தது. கர்னல் ஹெரான் என்ற கம்பெனித் துரை வரி வசூலுக்காகப் படையோடு வந்தார். மதுரைக்குப் பக்கத்தில் கோவில்குடிக் கோவிலை உடைத்து விக்கிரகங்களைத் தூக்கிக்கொண்டார். 5000 ரூபாய் கொடுத்தால் திருப்பித் தருவேன் என்று பேரம் வேறு. சாமியை அடகு வைத்தால் ஊர் மீட்டுக்கொள்ளும் என்று கணக்குப் போட்டிருக்கிறார். யாரும் காசு கொடுக்கவில்லை. சாமான் மூட்டைகளோடு சாமிகளையும் கட்டிக்கொண்டு திருச்சிக்குத் திரும்பும் வழியில், மே மாசம், அழகர்மலைக்கு அங்கிட்டு நத்தம் கணவாயில் கள்ளர்கள் காத்திருந்தார்கள். குறுகலான பாதை, இரண்டு பக்கமும் காடு. "சாமி! சாமி!" என்று கத்திக்கொண்டு விழுந்து, படையை நொறுக்கி, விக்கிரகங்களை மீட்டுக்கொண்டு போனார்கள். இதை எழுதி வைத்தவர் ஆர்ம் என்ற ஆங்கிலேய வரலாற்றாசிரியரே. ஹெரானை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தி வேலையை விட்டே நீக்கினார்கள்.

அதுக்கு நேர் எதிர் ரௌஸ் பீட்டர். 1812 முதல் 1828 வரை மதுரைக் கலெக்டர். ஊரார் வைத்த பேர் பீட்டர் பாண்டியன். தினமும் குதிரையில் வந்து, மீனாட்சி கோவில் வந்ததும் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் போவார் என்று சொல்வார்கள். மழை ராத்திரியில் சின்னப் பெண் ஒருத்தி வந்து அவரைப் பங்களாவை விட்டு வெளியே கூப்பிட்டாள், அவர் வெளியே வந்ததும் இடி விழுந்தது, ஓடிய பெண்ணின் கால் வெறுங்காலாக இருந்தது என்று கதை. அவர் அம்மனுக்குக் கொடுத்த தங்க அங்கவடி சித்திரைத் திருவிழாவில் குதிரை வாகனத்தில் இன்றைக்கும் உண்டு. அவர் செத்தபிறகு அரசாங்கப் பணத்தில் கையாடல் இருந்ததும் வெளியே வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். மதுரைக்காரன் அதைக் கண்டுகொள்ளவில்லை. கஜானா கம்பெனியுடையது, அங்கவடி ஆத்தாளுடையது.

1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து அமெரிக்க மிஷன்காரர்கள் வந்தார்கள். அமெரிக்கன் கல்லூரிக்கெல்லாம் மூலம் அவர்கள்தான். அவர்களை ஊர்ப் பழக்கத்தை விட வெயிலும் காய்ச்சலும்தான் ஆட்டிவைத்தது. வரிசையாகக் குடும்பங்களில் சாவு. சிறுமலையில் பங்களா கட்டிப் பார்த்தார்கள், அங்கேயும் காய்ச்சல் விடவில்லை. 1845இல் கொடைக்கானலுக்கு ஏறினார்கள். நாம் இன்றைக்கு ஹனிமூன் போகும் ஊர் பிள்ளைகளைப் புதைத்த பெற்றோர்கள் தேடிப் பிடித்த இடம். பூரி கிழங்கு சாப்பிடும்போது நினைத்துப் பார்ப்பதில்லை.

அந்த மிஷனில் 1925இல் வந்த கைத்தான் என்ற அமெரிக்கர் எனக்குப் பிடித்த ஆள். கதர் கட்டினார். காந்தியின் ஆள் ஒருவரை வீட்டில் தங்கவைத்தார் என்பதற்காக 1930இல் நாட்டை விட்டே அனுப்பினார்கள். திரும்ப வந்தார், திரும்ப அனுப்பினார்கள், மறுபடி வந்து காந்திகிராமத்தில் சேரிகளிலும் கிராமங்களிலும் வேலை பார்த்தார். அவர் எந்தத் தட்டைத் தேர்ந்தெடுத்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அவரைப் பற்றித் தனியாகவே எழுதணும்.

அப்புறம் லூயி துய்மோன். பிரெஞ்சுக்காரர். 1949, 50இல் உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கி, பிரமலைக் கள்ளர்களின் கல்யாணம், சீர், சாமி, பங்காளிச் சண்டை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனார். 1957இல் அது பிரெஞ்சில் தடிப் புத்தகமாக வந்தது. பிறகு 1966இல் அவர் எழுதிய இன்னொரு புத்தகம்தான் உலகப் புகழ். இந்தியச் சாதி முழுக்கச் சுத்தம், தீட்டு என்ற இரண்டு கம்பத்தின் மேல் நிற்கிறது என்பது அதன் சாரம். அதிகாரம், நிலம், அடிதடி எல்லாம் எங்கே போச்சு என்று அதைக் கிழித்தவர்கள் நிறைய. எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. ஆனால் அப்பத்தாவின் சொம்பை நினைக்கும்போது அவரை முழுசாகத் தள்ளவும் முடியவில்லை. தீட்டு மட்டும்தான் காரணம் என்றால் வாய் வைத்து உறிஞ்சிய வெள்ளைக்கார அக்காவுக்கு மறுநாள் அந்தச் சொம்பு கிடைத்திருக்கக் கூடாது. புளி போட்டு விளக்கினால் போகிற தீட்டு ஒன்று, விளக்கவே வாய்ப்புத் தராத தீட்டு ஒன்று. எங்கள் தோட்டம் எங்களுடையது, அந்தப் பெரியவர் அதில் கூலி. இது எந்தக் கம்பத்தில் சேரும்?

பாங்காக் மச்சானிடம் இதையெல்லாம் சொன்னேன். அவனுக்கு அங்கே பழகியது வேறே. பாசத்தில்கூட யார் தலையையும் தொடக் கூடாது, காலை யார் பக்கமும் நீட்டிக் காட்டக் கூடாது, ஸ்பூனும் ஃபோர்க்கும் வைத்துச் சாப்பிடணும். முதல் மாசம் ஆபீஸ் கேன்டீனில் பழக்கதோஷத்தில் சோற்றைக் கையால் பிசைந்தானாம். யாரும் ஒண்ணும் சொல்லவில்லையாம், பக்கத்தில் இருந்த அம்மா மட்டும் மெதுவாக ஒரு ஸ்பூனை நகர்த்தி வைத்ததாம். "அது அன்பா, அருவருப்பான்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல மாப்ள" என்றான்.

அந்த அக்கா கதை. சொம்புக் கேள்வி கேட்டதுக்கு இரண்டு நாள் கழித்து, அந்தப் பெரியவர் தண்ணி குடிக்க வந்த நேரம் அவங்களும் எழுந்துபோய் அவர் பக்கத்தில் குனிஞ்சு நின்னாங்க. இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாங்க. அப்பத்தாவுக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. சிரிச்சுக்கிட்டே ஊத்திருச்சு. அவங்களுக்குக் கையைக் கூட்டிப் பிடிக்கத் தெரியாததால் பாதித் தண்ணி பாவாடையெல்லாம் கொட்டிருச்சு. நான் சிரிச்சேன், அப்பத்தா சிரிச்சுச்சு, அவங்களும் சிரிச்சாங்க. பெரியவர் சிரிக்கல. துண்டை உதறித் தோளில் போட்டுக்கிட்டுப் போயிட்டார். அழகர் மலைக்குத் திரும்பி, அந்த அக்கா மாடியைக் காலி பண்ணிப் போகிற வரைக்கும் எங்கள் வீட்டில் தண்ணி கேட்க அவர் வரவே இல்லை. தோட்டத்து வாய்க்காலில் குடிச்சுக்கிட்டார்.